பனிக்காலத்தில் வேலைக்குப் போக நடையா, சைக்கிளா?

கோடை முழுவதும் சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள், முதல் பனி விழுந்த வாரத்தில் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இனி நடப்பதா, துணிந்து சைக்கிளையே எடுப்பதா, பேருந்தை நம்புவதா என்று தடுமாறுகிறார்கள். அப்படித் தடுமாறும் வாசகர்கள் கேட்கும் கேள்வியில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும்: “மைனஸ் எத்தனை டிகிரி வரை சைக்கிள் ஓட்டலாம்?” பல பனிக்காலங்களை இரண்டு விதமாகவும் கடந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பேன். குளிரை உடுப்பால் சமாளித்துவிடலாம். காலுக்கும் சக்கரத்துக்கும் அடியில் கிடக்கும் தரையை அப்படிச் சமாளிக்க முடியாது. −20 டிகிரியில் இறுகிக் கிடக்கும் பனியின்மேல் சைக்கிள் ஓட்டுவதைவிட, 0 டிகிரியில் மேலே நீர் படர்ந்த பனிக்கட்டியின்மேல் சாதாரணக் காலணியுடன் நடப்பது பல மடங்கு ஆபத்தானது. ஆகவே கீழே வரும் ஒப்பீடு வெப்பமானியைவிடத் தரையையே அதிகம் பார்க்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, நீங்கள் போகும் வழியைப் பனி விழுந்தபின் யார், எப்போது வழித்தெடுக்கிறார்கள் என்பது. இரண்டாவது தூரம். மூன்றாவது, விழுந்தால் எதன்மேல், எந்த வேகத்தில், யாருடைய வண்டிக்கு முன்னால் விழுவீர்கள் என்பது. நான்காவது, ஒரு நாளைக்கு ஆகும் நேரமல்ல, அந்த நேரத்தை எவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியும் என்பது. காலை எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டியவருக்கும், ஒன்பதோ பத்தோ என்று போகக்கூடியவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஐந்தாவது செலவு, அதில் கண்ணுக்குத் தெரியும் பங்கு பாதிதான். உடல் குளிரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது முக்கியமில்லை என்பதற்காக அல்ல, அதற்குத் தீர்வு எளிது என்பதற்காக.

## தரை எப்படியெல்லாம் இருக்கும்

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கிவிடும் பொருள், தெருவில் கிடக்கும்போது குறைந்தது ஐந்து வேறு பொருள்களாக நடந்துகொள்கிறது. புதிதாக விழுந்த தூள்பனி மென்மையானது, ஐந்து செ.மீ. வரை சக்கரம் அதை வெட்டிக்கொண்டு போய்விடும், பத்துக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். மிதிபட்டு இறுகிய பனி, நல்ல குளிரில், காலடியில் கிறீச்சிடும் அளவுக்கு வறண்டிருக்கும்போது, கிட்டத்தட்ட மண்சாலை போன்றது. உப்பும் வண்டிகளும் சேர்ந்து கலக்கிய பழுப்புநிறப் பனிக்குழம்பு முன்சக்கரத்தை இடமும் வலமுமாக இழுக்கும். பகலில் உருகி இரவில் உறைந்த காலடித் தடங்களும் டயர் தடங்களும் கல்லாகிவிட்ட உழவுச்சால் போல நிற்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, தரையில் பட்டதும் உறையும் மழைக்குப் பிறகோ, உருகிய நீர் மறுபடி உறைந்த பிறகோ தரையில் படியும் கண்ணாடிப் பனி. மெல்லியதாகவும் நிறமற்றதாகவும் இருப்பதால் அதன் அடியிலுள்ள தாரே கண்ணுக்குத் தெரியும். ஈரமான சாலை என்று நினைத்துக் கால் வைப்போம். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அங்கேதான் அது முதலில் உருவாகிறது.

பனிக்கட்டி தன் உருகுநிலையை நெருங்க நெருங்கத்தான் அதிகம் வழுக்குகிறது. அதனால் +2 டிகிரிப் பகலும் −5 டிகிரி இரவும் மாறிமாறி வரும் வாரம், தொடர்ந்து −15இல் கிடக்கும் வாரத்தைவிடக் கெட்டது. புதிதாகக் குளிர்நாட்டுக்கு வந்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஒரு குளிர்காலம் முடியும்போது அவர்களே அடுத்தவருக்குச் சொல்வார்கள். கீழே உள்ள பட்டியலில் முள்பட்டை என்பது காலணிக்குமேல் மாட்டிக்கொள்ளும் உலோக முள்கள்; ஆணி டயர் என்பது சிறு ஆணிகள் பதித்த டயர்.

| தரையின் நிலை | சாதாரணக் காலணியில் நடை | முள்பட்டை மாட்டிய நடை | சாதாரண டயர் சைக்கிள் | ஆணி டயர் சைக்கிள் |
|---|---|---|---|---|
| புதுப்பனி, 5 செ.மீ. வரை | சரி | சரி, தேவையில்லை | கவனத்துடன் சரி | சரி |
| புதுப்பனி, 10 செ.மீ.க்கு மேல் | மெதுவாகச் சரி | மெதுவாகச் சரி | வேண்டாம் | தள்ளிக்கொண்டு போக நேரும் |
| இறுகிய பனி, கடுங்குளிர் | சரி | மிக நன்று | நேராகப் போகும்வரை சரி | மிக நன்று |
| பனிக்குழம்பு | கால் நனையும் | கால் நனையும் | மோசம் | சுமார் |
| உறைந்த தடங்கள் | கணுக்கால் பிசகலாம் | சுமார் | வேண்டாம் | சுமாருக்கும் கீழ் |
| கண்ணாடிப் பனி | மிக மோசம் | நன்று | வேண்டவே வேண்டாம் | நன்று |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். கண்ணாடிப் பனி படிந்த காலையில், ஆணி டயர் சைக்கிளில் போகிறவர் சாதாரணக் காலணியில் நடப்பவரைவிட உறுதியாகத் தரையைப் பிடித்திருக்கிறார். ‘நடைதான் எப்போதும் பாதுகாப்பு’ என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

## நடை

நடையின் பெரிய பலம், அதற்கு எந்தப் பொருளும் பழுதாகாது என்பதே. பனி எவ்வளவு விழுந்தாலும் நடை மெதுவாகுமே தவிர நின்றுவிடாது. வழியில் பேருந்து வந்தால் ஏறிக்கொள்ளலாம். உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வேலை இது. நாமே உண்டாக்கும் எதிர்க்காற்றும் பெரிதாக இருக்காது.

ஆனால் நடப்பவர்கள் விழுவதில்லை என்பது பொய். பின்லாந்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல்லாயிரம் பேர் நடந்துபோகும்போது வழுக்கி விழுந்து மருத்துவரிடம் போகிறார்கள். அவற்றில் வண்டி எதுவும் மோதியிருக்காது என்பதால் சாலை விபத்துக் கணக்கிலும் அவை ஏறுவதில்லை. ஆகவே நடை உண்மையில் இருப்பதைவிடப் பாதுகாப்பாகத் தெரிகிறது. சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி பனி வழிக்கும் வரிசையைத் திருப்பிப்போட்டது. பெருஞ்சாலைகளுக்கு முன்னால் நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் வழிக்கத் தொடங்கியது. பத்து செ.மீ. பனியைக் கார் எளிதாகத் தாண்டிவிடும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரால் தாண்ட முடியாது என்ற எளிய கணக்குதான் அதற்குக் காரணம்.

காலணி விஷயத்தில் பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவதற்கில்லை. டொராண்டோவில் உள்ள மறுவாழ்வு ஆய்வு நிறுவனம் ஒன்று, சாய்க்கக்கூடிய பனிக்கட்டித் தளத்தில் மனிதர்களை நடக்கவிட்டுக் குளிர்காலக் காலணிகளைச் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்தவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை குறைந்தபட்சத் தேர்வில்கூடத் தேறவில்லை. தடித்த அடிப்பகுதியும் ஆழமான வரிகளும் பனியைப் பிடிக்கும். பனிக்கட்டியைப் பிடிக்க அவை போதாது. அதற்கு, காலணிக்குமேல் ரப்பர் வளையத்தால் மாட்டிக்கொள்ளும் உலோக முள்பட்டைதான் வேண்டும். சுருள்கம்பி வகை இறுகிய பனிக்குப் போதும்; கண்ணாடிப் பனிக்குக் கூர்முனை உள்ளதே உதவும். அதே முள்பட்டையுடன் அலுவலகத்தின் வழவழப்பான ஓட்டுத் தளத்தில் கால் வைத்தால், வெளியில் விழாமல் வந்தவர் வரவேற்பறையில் விழுவார். வாசலிலேயே கழற்றும் பழக்கம் வேண்டும். கழற்ற ஒரு நாற்காலியாவது வேண்டும்.

நடக்கும் விதமும் மாற வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றும் வழக்கமான நடையில், உடல் எடை முழுவதும் ஒரு நொடி ஒரு சிறிய முனையில் நிற்கிறது. அதை விட்டு, சிறிய அடிகளாக, முழுப்பாதமும் ஒன்றாகத் தரையில் படும்படி, எடையை முன்காலின்மேல் வைத்து நடக்க வேண்டும். கைகள் சட்டைப்பையில் இருக்கக்கூடாது. பென்குயின் நடை என்று இதைச் சொல்வார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும் மணிக்கட்டுக்கு நல்லது.

மறைமுகச் செலவு என்றால் முதலில் நேரம். கோடையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் பனியில் 4 கி.மீ. நடந்தால் அதிகம். ஒன்றரை கி.மீ. தூரத்துக்கு அது சில நிமிட வேறுபாடு, ஆறு கி.மீ. தூரத்துக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணிநேரம்.

## சாதாரண டயருடன் சைக்கிள்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். உப்பிட்டு, தார் தெரியும்படி வைத்திருக்கும் பாதை வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை இருந்தால் சாதாரண டயரே போதும். அப்படி இல்லாத இடத்தில், ‘மெதுவாக ஓட்டினால் போதும்’ என்ற நம்பிக்கை ஒரு வாரம் தாங்கும். சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன்சக்கரத்தை விடாமல் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பித்தான். பின்சக்கரம் வழுக்கினால் சுதாரிக்க நேரம் உண்டு. முன்சக்கரம் வழுக்கினால், கையை ஊன்றுவதற்கு முன்பே இடுப்பு தரையில் இருக்கும். மெதுவாகப் போனாலும் இந்த நிலை மாறாது.

## ஆணி டயருடன் சைக்கிள்

பக்கவாட்டிலும் நடுவிலும் டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள சிறு ஆணிகள் பதித்த டயர்கள் இவை. கார்களுக்கு ஆணி டயரைத் தடைசெய்திருக்கும் ஜெர்மனியில்கூடச் சைக்கிளுக்கு அவை அனுமதிக்கப்படுகின்றன. இரண்டு டயர் வாங்க வசதியில்லாதவர் ஒன்றை மட்டும் வாங்கினால், மேலே சொன்ன காரணத்தால், அதை முன்சக்கரத்தில் போட வேண்டும். புதிய டயரை முதல் 40–50 கி.மீ. வெறும் தார்ச்சாலையில், அழுத்தி மிதிக்காமலும் திடீரென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பருக்குள் சரியாக உட்காரும். முதல் பனி விழுந்த காலையில் வாங்கிக்கொண்டு வருகிறவர் இந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

காற்றழுத்தம் ஒரு நுட்பமான விஷயம். 20 டிகிரி வீட்டுக்குள் 4 பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அடித்த டயர், −10 டிகிரிக்குப் போய்க் குளிர்ந்ததும் ஏறக்குறைய மூன்றரை பாராகிவிடும். பனிக்கட்டியின்மேல் இது நன்மைதான்; டயர் தட்டையாகப் படிந்து பக்கவாட்டு ஆணிகளும் தரையைத் தொடும். ஆனால் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது.

டயர் ஓட்டுபவரைக் காப்பாற்றுமே தவிர அவருடைய காலைக் காப்பாற்றாது. என் முதல் ஆணி டயர்க் குளிர்காலத்தில் நான் விழுந்தது ஓடும்போது அல்ல. சிக்னலில் பத்திரமாக நின்று, பெருமையுடன் இடக்காலை ஊன்றினேன். டயர் பிடித்திருந்த அதே பனிக்கட்டியைக் காலணி பிடிக்கவில்லை; நின்ற இடத்திலேயே சைக்கிளுடன் சாய்ந்தேன். அன்றிலிருந்து இருக்கையை இரண்டு செ.மீ. தாழ்த்தி, முழுப்பாதமும் தரையில் படும்படி வைத்திருக்கிறேன். முடிந்தால் நடைபாதைக் கல்லின்மேல் கால் வைக்கிறேன். உறைந்த தடங்களில் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஆணி பயனற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடம் இழுக்கும் பக்கம்தான் சக்கரம் போகும். அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓட்டும் விதிகள் சில: பனிக்கட்டியின்மேல் இருக்கும்போது திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், மிதிப்பதை அழுத்தாதீர்கள், நேராக உருண்டு கடந்தபின் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வேகத்தைக் குறைக்கப் பின்பிரேக்கை முதலில் பிடியுங்கள். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள், கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் படியும் நீரும் பனியும் துடைபடும்வரை பிரேக் பிடிக்காது என்பதை எதிர்பார்த்து முன்கூட்டியே தொட வேண்டும். டிஸ்க், டிரம் பிரேக்குகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. டயரின் விலை கண்ணுக்குத் தெரியும். உப்பு செய்யும் வேலை தெரியாது. உப்புநீர் செயினையும் கியர் பற்களையும் கேபிளையும் ஒரே பருவத்தில் தின்றுவிடும். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட இடமும் பொறுமையும் உள்ளவருக்கு இது சிறு வேலை. நான்காம் மாடியில் லிஃப்ட் இல்லாமல் குடியிருப்பவருக்கு இதுவே சைக்கிளை விடக் காரணமாகிவிடும். கழுவியதைச் சரியாக உலர்த்தாமல் வெளியே விட்டால் கேபிளுக்குள் நீர் உறைந்து கியர் நகராது. கடுங்குளிரில், பின்சக்கரத்தை மிதிக்காமலும் உருளவிடும் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் இறுகி உள்ளேயிருக்கும் பற்கள் பிடிக்காமல்போய், மிதித்தால் மிதி மட்டும் சுற்றும், வண்டி நகராது. இதனால் பலர் நல்ல சைக்கிளைக் கோடைக்கு வைத்துவிட்டு, கியர் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் அடங்கிய பழைய சைக்கிள் ஒன்றைக் குளிர்காலத்துக்கென்று வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு செலவுதான், ஆனால் புத்திசாலிச் செலவு.

வேகமும் கோடைக்காலத்தது அல்ல. ஆணி டயர் உருளும்போது அதிகம் தடுக்கிறது. வெறும் தாரில் சரசரவென்று சத்தமும் போடும். −10 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால் அதைக் கிழித்துப் போகவும் கூடுதல் உழைப்பு வேண்டும். கோடையில் 20 கி.மீ. வேகத்தில் போனவர் 12 முதல் 15 என்று கணக்கிட்டுக்கொள்ளட்டும். உடுப்பு மாட்டவும், பூட்டைத் திறக்கவும், போய்ச்சேர்ந்தபின் கழற்றவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால், ஒன்றரை கி.மீ. தூரத்துக்கு நடையும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச்சேரும், ஆறு கி.மீ.க்குச் சைக்கிள் ஒரு மணிநேரத்துக்கு அருகில் மிச்சப்படுத்தும்.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லித்தியம் பேட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே உள்ள குளிரில் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், அறையின் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் செய்ய வேண்டும். குளிரில் அது போகும் தூரமும் குறையும்; மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது.

## குளிர், உடுப்பு, வெளிச்சம்

காற்றே இல்லாத −10 டிகிரிக் காலையில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர், தன் முகத்தில் தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். தோலுக்கு அது சுமார் −18 போல இருக்கும். நடப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சைக்கிள்காரருக்கு உடம்பு நடுவில் வியர்க்கும், விரல்களும் காதுகளும் உறையும். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் முதல் வாரத் தவறு. கிளம்பும்போது சற்றுக் குளிரும் அளவுக்கே உடம்பில் உடுத்தி, மிச்ச அக்கறையை கையுறைக்கும் காலுறைக்கும் கொடுக்க வேண்டும். ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டும் பெரிய கையுறைகள் பார்க்க அழகற்றவை; அவற்றைப் போட்டபின் யாரும் அழகைப் பற்றிப் பேசுவதில்லை. பருத்தி ஈரத்தை விடாது என்பதால் உள்ளுடுப்பு கம்பளியிலோ செயற்கை இழையிலோ இருக்கட்டும். குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் போவதும் வருவதும் பெரும்பாலும் இருட்டில்தான். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கும், நடப்பவருக்கு ஒளியைத் திருப்பும் பட்டையும் கட்டாயம்.

## பாதி வழி ஒன்று, பாதி வழி மற்றொன்று

பலர் யோசிக்காத தேர்வு இது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை பாதை வழித்திருக்கிறார்கள், அதற்கப்பால் இல்லை என்றால், நிலையம் வரை சைக்கிள், பிறகு ரயில், பிறகு நடை. இதன் குறை, மூன்று இடங்களில் மூன்று விதமான தாமதம் சேர்வது. பனிப்புயல் நாளில் ரயிலும் நின்றுவிடலாம் என்பதால், முழுவழியையும் நடந்து முடிக்கக்கூடிய தூரமாக இருந்தால்தான் நிம்மதி.

## யாருக்கு எது

வேலையிடம் இரண்டு கி.மீ.க்குள் இருந்தால், எந்தத் தரையானாலும், நல்ல காலணியும் முள்பட்டையும் வாங்கிக்கொண்டு நடங்கள். அந்தத் தூரத்துக்குச் சைக்கிளைக் கழுவும் வேலை வீண்.

இரண்டு முதல் எட்டு கி.மீ. என்றால், முடிவு பாதையைப் பொறுத்தது. பின்லாந்தின் ஊலுவில் குளிர்காலம் முழுவதும் மக்கள் சைக்கிளில் போகிறார்கள். 2013இல் குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் பன்னாட்டு மாநாடும் அங்கேதான் நடந்தது. அந்த ஊர் வெதுவெதுப்பானது என்பதல்ல காரணம். ஆர்க்டிக் வட்டத்திலிருந்து அது வெகுதூரமில்லை. கார்ச்சாலையிலிருந்து பிரிந்த பாதைகளும், அவற்றை வேலை நேரத்துக்கு முன்னரே வழித்து, இறுக்கி வைக்கும் ஒழுங்குமே காரணம். கோபன்ஹேகன் வேறு வழியில், சைக்கிள் பாதைகளுக்கு முன்னுரிமை தந்து உப்பிட்டு, கறுப்பாகவே வைத்திருக்கிறது. உங்கள் பாதை ஊலுவைப் போலிருந்தால் ஆணி டயர் வாங்கி ஓட்டுங்கள்; கோபன்ஹேகனைப் போலிருந்தால் சாதாரண டயரே போதும். வழித்த பனியைச் சாலையோரமாகக் குவித்து, சைக்கிள் போகும் இடத்தையே விழுங்கிவிடும் ஊரானால், கார்களுக்கு முன்னால் விழும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு ஓட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே பேருந்தும் நடையும்தான்.

எலும்பு மெலிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு விழுவதன் விலை வேறு. அவர்கள் எட்டு நாள் சைக்கிளில் போய் ஒன்பதாவது நாள் யோசிப்பதைவிட, தொடக்கத்திலேயே முள்பட்டையும் பேருந்தும் என்று முடிவுசெய்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும், பருவம் முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. முந்தைய நாள் பகல் பூச்சியத்துக்கு மேலும் இரவு அதற்குக் கீழும் போயிருந்தால், காலையில் வாசற்படியில் கால் வைத்துத் தேய்த்துப் பார்த்தபிறகே சைக்கிளைத் தொடுகிறேன். வசந்தத்தில் ஆணி டயரைக் கழற்றும் அவசரமும் வேண்டாம். பகலில் வெயில் அடிக்கும், பூ மொட்டு விடும், ஆனால் விடிகாலையில் பாலத்தின்மேல் மட்டும் மெல்லிய கண்ணாடி படிந்திருக்கும். தொடர்ந்து இரண்டு வாரம் இரவுகள் பூச்சியத்துக்கு மேல் நின்றபிறகே என் சக்கரங்களில் கோடை டயர் ஏறும்.